மூன்று பை இருமண்பாடு

எங்கள் வீட்டில் மண் பெட்டி என்று ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் உண்மையாகவே மண்தான் இருந்தது. தென்காசியில் மண்ணுக்கு ஒரு பஞ்சமும் இல்லை. ஆனாலும் என் சித்தப்பா பூனாவுக்கு அப்பால் ஏதோ ஒரு மலைச்சரிவில் வெட்டிய மண்ணைப் பன்னிரண்டு துணிப்பைகளில் கட்டி, மூன்று ரயில் மாறி, கூலி கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். ஆறு மாதம் கழித்து ஊர் திரும்புகிறவர் பெண்டாட்டிக்கு ஒரு சேலையும் வாங்கி வந்திருந்தார். அது பெட்டியின் அடியில், பைகளுக்கெல்லாம் கீழே கிடந்தது. சித்தி அதை நாலு தரம் உதறித்தான் பிரித்துப் பார்க்க முடிந்தது. தெரு முழுக்க ஒரு வாரம் அந்தச் சேலையைப் பற்றித்தான் சிரித்தார்கள்.

ஐம்பதுகளின் கடைசி அது. எனக்கு ஒன்பது வயது. சித்தப்பா மண்ணை ஆராயும் சர்க்கார் அலுவலகம் ஒன்றில் தற்காலிக வேலையில் இருந்தார். தற்காலிகம் என்ற சொல் எங்கள் வீட்டில் சோற்றோடும் குழம்போடும் பரிமாறப்பட்டது. இந்த வேலை நிரந்தரமானால் சித்தியை அழைத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போகலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. அதற்காகத்தான் அவரைப் பயிற்சிக்கு வடக்கே அனுப்பியிருந்தார்கள். கொண்டுவந்த பன்னிரண்டு மண்ணையும் இன்னது இன்ன வகை என்று விவரித்துப் பிரித்து எழுதி, அந்த மண்ணோடு சேர்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் நிரந்தரமா இல்லையா என்று முடிவு செய்வார்கள்.

பைகள் எல்லாம் ஒரே சரிவின் உச்சியிலிருந்து அடிவாரம் வரை வரிசையாக எடுத்தவை. அந்த மண்ணுக்கெல்லாம் அடியில் இருந்தது எந்தக் காலத்திலோ எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த கரும்பாறை. முதல் நாலு பையில் செக்கச் செவேல் என்று சரளை. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை கரிசல், கட்டி கட்டியாக. நடுவில் அஞ்சு, ஆறு, ஏழு என்று மூன்று பைகள். சித்தப்பா அந்த மூன்றோடுதான் அதிக நேரம் குடும்பம் நடத்தினார். ஒரு கரண்டி மண்ணை உள்ளங்கையில் வைத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பிசைவார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்தி நாடா மாதிரி தள்ளுவார். கரிசல் நீளமாக வரும். சரளை வரவே வராது. இந்த மூன்று மட்டும் ஒரு விரற்கடை வந்து ஒடிந்துவிடும். பிறகு நிறங்கள் ஒட்டிய ஒரு புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதுவார். இவ்வளவையும் தனக்குத்தானே பேசிக்கொண்டே செய்வார்.

"மணல் இருக்கு, களி இருக்கு, வண்டலும் இருக்கு. ஒண்ணும் தூக்கலா இல்ல. சுத்தமான இருமண்பாடு."

இருமண்பாடு என்பது எங்கள் ஊரில் உழுது பிழைக்கும் சம்சாரிகள் சொல்கிற பேர். அறிக்கையில் அவர் லோம் என்று எழுதினார். மேலேயிருந்து மழையில் இறங்கிய செம்மண்ணும் கீழே உள்ள கரிசலும் கலந்ததுதான் அந்த நடுமண், அதற்கென்று தனி வகை தேவையில்லை என்பது பெரிய அதிகாரியின் கட்சி. இல்லை, அது அங்கேயே அந்தப் பாறையிலிருந்தே உண்டான தனி மண் என்பது சித்தப்பாவின் கட்சி. அப்படியானால் மண்ணைக் கொண்டு வா, நானே கையில் எடுத்துப் பார்க்கிறேன் என்று அதிகாரி சொல்லியிருந்தார். ஆகவே அந்த மூன்று பைகளில்தான் சித்தப்பாவின் வேலையே இருந்தது. எனக்கு இந்த வழக்கெல்லாம் புரியவில்லை. அஞ்சும் ஆறும் ஏழும்தான் உசத்தி மண் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

ஆடி பிறந்ததும் சித்தப்பாவுக்கு ஐந்தருவிப் பக்கத்துத் தோட்டங்களில் பன்னிரண்டு நாள் முகாம் போட்டார்கள். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார். பூட்டவில்லை. மண்ணை யார் திருடப் போகிறார்கள்?

அதே ஆடியில்தான் எங்கள் தெரு அம்மனுக்குக் கொடைத் திருவிழா. கொடைக்கு ஒன்பது நாள் முன்னால் பெண்கள் முளைப்பாரி போடுவார்கள். மண்சட்டியில் மண்ணும் காய்ந்த சாணித்தூளும் கலந்து, நவதானியம் விதைத்து, வெளிச்சம் படாத அறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்ப்பது. யாருடைய பயிர் உயரமாக வந்திருக்கிறது என்று பார்ப்பதில் அம்மனைவிடத் தெருவுக்கு ஆர்வம் அதிகம். போன வருஷம் சித்தியின் பயிர் நாலாம் நாளே அழுகிச் சாய்ந்துவிட்டது. சித்திக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. இரண்டையும் சேர்த்துப் பேச ஒரு தெருவுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? ஊர்வலத்தில் சித்தியின் சட்டியைக் கடைசியில் வைத்தார்கள். என் அம்மாவே, "அவ கைராசி அப்படி" என்று அடுத்த வீட்டில் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

முளைப்பாரிக்கு மண் எடுத்து வருவது வயசுக்கு வராத பெண்பிள்ளையின் வேலை. எங்கள் வீட்டில் அது நான்தான். குத்துக்கல்வலசையில் எங்கள் வயல் ஓரத்தில், கோடையில் குளத்திலிருந்து அள்ளிப் போட்ட கரம்பை வண்டல் குவிந்து கிடந்தது; போன வருஷமும் அதைத்தான் எடுத்தோம். சித்தி கையில் ஒரு ஓலைப்பெட்டியைக் கொடுத்து அனுப்பினாள். சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. தெரு முனை வரை போனேன். நனைந்தேன். அவ்வளவு தூரம் போய் நனைந்த கரம்பையை அள்ளி வருவதைவிட, வீட்டிலேயே காய்ந்து, சலித்து, உசத்தி என்று சித்தப்பாவே சொன்ன மண் இருக்கும்போது எதற்கு என்று தோன்றியது. கொல்லை வழியாக உள்ளே வந்தேன். அஞ்சு, ஆறு, ஏழு மூன்றையும் அவிழ்த்து ஓலைப்பெட்டியில் கொட்டினேன். காலிப் பைகளில் வாழைக்கடியில் கூரை மறைப்பில் நனையாமல் காய்ந்து கிடந்த மண்ணை நிரப்பி, நிறத்துக்கு அடுப்புக்கரியைப் பொடித்துக் கலந்து, பழைய முடிச்சையே போட்டேன். அந்த வயதில் நான் செய்ததிலேயே மிகவும் கவனமாகச் செய்த வேலை அதுதான்.

சித்தி மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தாள். "ஏட்டி, எங்கன இருந்துட்டி இம்புட்டு நல்ல மண்ணு? மாவு கணக்கால்லா இருக்கு" என்று என் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள்.

பயிர் வந்தது. அப்படி ஒரு பயிரை எங்கள் தெரு பார்த்ததில்லை. அஞ்சாம் நாளே ஒரு சாண். ஏழாம் நாள் பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். ஒன்றும் சொல்லாமல் போவது அவளுக்குப் பழக்கமில்லை. சித்தி குளிக்கும்போது பாட ஆரம்பித்தாள்.

கொடைக்கு இரண்டு நாள் முன்னால் சித்தப்பா முகாமிலிருந்து வந்தார். மறுநாளே அறிக்கையை முடித்து அனுப்ப வேண்டும். பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அஞ்சாம் பையிலிருந்து மண்ணை எடுத்தார், தண்ணீர் விட்டார், பிசைந்தார். விரலெல்லாம் கரி. ஜன்னல் வெளிச்சத்தில் உள்ளங்கையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இங்கன வாட்டி" என்றார். நான் நிற்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று தெரியவில்லை. போனேன்.

"இதுல என்ன மினுங்குது?"

"மணலு."

"நான் கொண்டாந்த மண்ணு மினுங்காது. அந்தப் பாறையில வெள்ளக்கல்லே கெடையாது. மினுங்குதது நம்ம ஊரு மண்ணு. என் மண்ணு எங்கட்டி?"

"மொளப்பாரியில இருக்கு" என்றேன்.

அவர் எழுந்து விடுவிடு என்று பின்கட்டுக்குப் போனார். என்னை அடிக்கப் போவதில்லை, சட்டியைத்தான் கவிழ்க்கப் போகிறார் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடினேன். முளைப்பாரி அறைக்குள் ஆண்கள் போகக் கூடாது. அவர் நிலைப்படியில் நின்றார். சித்தி கையில் செம்போடு வெளியே வந்தாள்.

"ஆம்பளைக இங்கன வரப்படாது, போங்க. பயிரு எப்படி வந்திருக்கு தெரியுமா? ஒரு முழம். எல்லாருடையதையும்விட ஒசரம்."

சித்தப்பா அவள் முகத்தைப் பார்த்தார். "மண்ணு நல்ல மண்ணா இருக்கும்" என்றார்.

"மண்ணா? உங்களுக்கு எதைச் சொன்னாலும் மண்ணுதான். ஆத்தா கண்ணத் தொறந்திருக்கா, அதச் சொல்லுங்க."

"சரி" என்றார் சித்தப்பா.

திரும்பி வந்து பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமலே, "ஒங்க சித்திக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது."

"அப்பம் தெரியவே வேண்டாம்."

பிறகு பேனாவைத் திறந்து, அஞ்சு, ஆறு, ஏழாம் எண்களுக்கு நேரே, மாதிரிகள் வழியில் நனைந்து கெட்டுப்போயின என்று எழுதினார். வாழைக்கடி மண்ணை வாழைக்கே கொண்டுபோய்க் கொட்டினார். நான் அடி வாங்காமல் தப்பித்துவிட்டேன். அந்த நிம்மதியில் அன்றைக்கு இரண்டு தட்டு சோறு தின்றேன்.

அதிகாரி நனைந்த மண்ணை நம்பவில்லை. நிரந்தர வேலை வேறொருவருக்குப் போயிற்று. சித்தப்பா இன்னும் மூன்று வருஷம் தற்காலிகமாகவே இருந்தார். தனிக்குடித்தனப் பேச்சும் நின்றுபோனது. வெகுகாலம் கழித்து, கரம்பையில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும், இருமண்பாட்டில் தேங்காது என்று எனக்குத் தெரிய வந்தது. அந்த நடுமண்ணுக்குத் தனிக் குணம் உண்டு என்று சித்தப்பாவின் அறிக்கை சொன்னதும் கிட்டத்தட்ட அதைத்தான். அதை நிரூபித்த ஒரே இடம் சித்தியின் சட்டி.

சித்திக்குக் கடைசி வரை குழந்தை பிறக்கவில்லை. ஆனால் கைராசியைப் பற்றிய பேச்சு அந்த ஆடியோடு ஒழிந்தது. சித்தப்பாவுக்கு நிரந்தர வேலை கிடைக்காமல் போனதைப் பற்றி மட்டும் அவள் விடவே இல்லை. யார் வந்தாலும், "மூணு பை மண்ண நனையாமக் கொண்டாரத் தெரியாத மனுசன். இவுக கிட்டயா வேலையக் குடுப்பாவ?" என்பாள். சித்தப்பா சிரித்துக்கொண்டே என்னைப் பார்ப்பார். உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை பார் என்று சொல்கிறார் என நான் நினைத்துக்கொள்வேன். எனக்காகத்தான் அவர் அந்தப் பொய்யை எழுதினார் என்று ரொம்ப வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். குழந்தைகளுக்கு எல்லாம் தங்களைச் சுற்றியே நடப்பதாக ஒரு எண்ணம்.

அந்த ஆடியில், கொடைக்கு மறுநாள் சாயங்காலம் முளைப்பாரிகளைச் சிற்றாற்றுக்கு எடுத்துப் போனார்கள். சித்தியின் சட்டி முதலில் போனது. கோயில் பக்கமே வராத சித்தப்பா அன்றைக்கு ஆற்றங்கரைப் படியில் வந்து நின்றார். பெண்கள் குலவை போட, சித்தி இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சட்டியைச் சாய்த்தாள். பயிர் மிதந்து போனது. பூனாவிலிருந்து வந்த மண் ஒரு நிமிஷம் தண்ணீரைக் கறுப்பாக்கிவிட்டுக் கரைந்தது. பாவம், சித்தப்பா தன் மண் போவதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, நானும் குற்ற உணர்ச்சியோடு அந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். மண் கரைந்து தண்ணீர் தெளிந்த பிறகும் அவர் அங்கேயேதான் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி அந்தப் பெட்டி அடிச் சேலையைக் கட்டிக்கொண்டு, நனைந்த முந்தானையைப் பிழிந்தபடி, சிரித்துக்கொண்டே படியேறி வந்துகொண்டிருந்தாள்.