ஐந்தாம் வளைவின் மெத்தை

கடலைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும் அந்தப் பள்ளத்தாக்கில் சைக்கிள்காரர்களுக்கென்று ஒரு சரளைப் பாதை உண்டு. மேலே நுழைவாயிலில் தொடங்கும். ஒரு பக்கம் மணற்பாறைச் சுவர், மறுபக்கம் வெறும் காற்று. இப்படியே ஒன்பது வளைவு இறங்கி, கீழே கடற்கரையில் முடியும். இயற்கைக் காப்பகம் என்பதால் அங்கே செடியைக் கிள்ளக் கூடாது, பாறையில் கிறுக்கக் கூடாது, ஓணானைத் துரத்தக் கூடாது. மனுஷர்களைக் கிண்டல் பண்ணக் கூடாது என்று மட்டும் பலகையில் எழுத மறந்துவிட்டார்கள். அந்த மறதியின் முழுப் பலனையும் அனுபவித்தவள் சரளையக்கா.

பதினொரு வருடமாக அந்தப் பாதையை வாரிச் சீராக்குவது அவள் வேலை. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் கணவரின் பழைய தொப்பி, தோளில் இரும்புப் பல் வைத்த வாரி. காலைப் பனி கடலிலிருந்து ஏறி வரும்போது அவளும் கீழிருந்து ஏறி வருவாள். சைக்கிள்காரர்கள் முதலில் பனியைப் பார்ப்பார்கள், அப்புறம் தொப்பியைப் பார்ப்பார்கள், அப்புறம் சிரிப்பார்கள்.

சக்கரம் ஓட ஓடச் சரளை ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். ஒதுங்கியதை நடுவுக்கு இழுத்துவிடச் சொல்லித்தான் அவளுக்குச் சம்பளம். ஆனால் வளைவுகளில் மட்டும் அக்கா தலைகீழாகச் செய்வாள். பள்ளத்தை ஒட்டிய வெளி ஓரத்தில், கணுக்கால் புதையும் உயரத்துக்கு, சரளையை மெத்தை போலக் குவித்து வைப்பாள். வேகம் அடங்காமல் வருகிறவனின் முன்சக்கரம் அதில் புதையும். ஆள் அங்கேயே விழுவான். முட்டி உரியும், மானம் போகும், உயிர் இருக்கும்.

இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஐந்தாம் வளைவில் ஒருவன் நேராகப் போய்விட்டான். ஸ்ட்ரெச்சர் வரும் வரை முட்புதருக்குள் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். ஸ்ட்ரெச்சர் வந்தபோது அதற்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை. மறுநாளிலிருந்து மெத்தை போட ஆரம்பித்தாள். எதற்கு என்று அவளை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

விழுந்து எழுந்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "இந்தம்மா ஒழுங்கா வாராம எல்லாத்தையும் ஓரமா தள்ளிட்டுப் போயிடுது" என்றார்கள்.

அவர்களில் முதல் ஆள் கண்ணாடி. முகத்தில் பாதியை மறைக்கும் மினுமினுப்புக் கண்ணாடி, கைப்பிடியில் ஒரு கேமரா, எப்போதும் பின்னால் சிரிக்க நாலு பேர்.

"அக்கா, சரளைக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டியாச்சா?"

"உன் வாய்க்குத்தான் தேய்க்கணும். பாத்து இறங்குடா."

இதுதான் தினசரி வழக்கம். அதோடு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அலுவலகத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. பாதை ஊழியர் ஒவ்வொருவரும் சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். பதினைந்து நாளில் பரிசோதகர் வருவார், ஊழியர் அவர் முன்னால் மேலிருந்து கீழே வரை ஓட்டிக் காட்ட வேண்டும். முடியாதவருக்கு வேலை இல்லை. இரண்டாவது பத்தியில், பாதை ஓரங்களில் உதிரிச் சரளை கிடக்கக் கூடாது என்றும் இருந்தது.

அக்காவுக்கு வயது நாற்பத்தெட்டு. வாழ்நாளில் சைக்கிளைத் தூக்கி நிறுத்தியிருக்கிறாள், துடைத்திருக்கிறாள், புதரிலிருந்து இழுத்து எடுத்திருக்கிறாள். ஏறியதில்லை.

காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோனாள். சலவைக்கடையில் நாளெல்லாம் இஸ்திரி போட்டுவிட்டு வந்திருந்த கணவர் கால்களை வாளித் தண்ணீரில் விட்டுக்கொண்டு அதைப் படித்தார்.

"பேசாம விட்டுடேன். சலவைக்கடையில துணி மடிக்க ஆள் கேக்குறாங்க."

"துணி எங்கேயும் விழாது" என்றாள் அக்கா. அவருக்குப் புரியவில்லை.

மகளுக்குப் புரிந்தது வேறு விதமாக. அவள் அதே காப்பகத்தின் நுழைவுச்சீட்டு ஜன்னலில் உட்காருகிறவள். "அம்மா, அங்க வந்து விழுந்து வாராதே. நான் அங்கதான் வேலை பாக்குறேன்" என்றாள்.

வேறு வழியில்லாமல் அக்கா கண்ணாடியிடமே போய் நின்றாள். அவனுக்கு லட்டு மாதிரி ஆகிவிட்டது. வண்டி நிறுத்துமிடத்தில் வகுப்பு தொடங்கியது. நாலு பேர் கைதட்ட, கேமரா ஓட, அக்கா சமதளத்தில் கால் ஊன்றி ஊன்றித் தவளை மாதிரிப் போனாள். முழங்கை கிழிந்தது. பூட்ஸ் சங்கிலியில் மாட்டியது. எட்டாம் நாள், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், அவள் பாட்டுக்கு ஓட்ட ஆரம்பித்தாள். கைதட்டல் கொஞ்சம் குறைந்தது.

"இதுல பிரேக்கு எதுக்குடா?"

கண்ணாடி பின்னால் திரும்பிக் கண் சிமிட்டினான். "அது அழகுக்குத்தான் அக்கா. சரளையில பிரேக்கைத் தொட்டீங்க, செத்தீங்க. அப்படியே விட்டுடணும், கீழ போய்த் தானா நிக்கும்."

நாலு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இது பொய் என்று எந்தக் குழந்தைக்கும் தெரியும். அக்காவுக்கு மட்டும் தெரியவில்லை. பதினொரு வருடம் அவள் மெத்தையில் விழுந்த ஒவ்வொருவனுக்கும் பின்னால் தரையில் ஒரு நீளக் கோடு கிடக்கும், பிரேக் பிடித்துச் சறுக்கிய கோடு. பிடிக்காதவன் விழுந்ததை அவள் பார்த்ததில்லை. பிடித்து ஒழுங்காகத் திரும்பினவன் கோடு எதுவும் போடாமல் போய்க்கொண்டே இருந்தான், அவனை அவள் கணக்கில் வைக்கவில்லை.

"எனக்கே தோணிச்சுடா. எல்லாரும் பிரேக்கைப் பிடிச்சுத்தான் விழறீங்க" என்றாள். கண்ணாடிக்கே ஒரு கணம் சிரிப்பு நின்றது. பிறகு தொடர்ந்தது.

மீதி நாட்களில் அவள் இன்னொரு காரியமும் செய்தாள். காகிதத்தின் இரண்டாவது பத்திக்காக ஒன்பது வளைவின் மெத்தைகளையும் வாரி எடுத்தாள். ஒரு கல் விடாமல் நடுவுக்கு இழுத்து, தட்டி, சமப்படுத்தினாள். பரிசோதகர் பார்த்துவிட்டுப் போகட்டும், மறுநாளே திரும்பப் போட்டுவிடலாம் என்று கணக்கு. பாதை சீவி முடித்த தலை மாதிரி இருந்தது.

பரிசோதகர் வந்தார். ஓரத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார், அட்டையில் எழுதினார். "ஏறுங்கம்மா" என்றார். அவர் கீழே போய் நிற்க, கண்ணாடியும் கூட்டமும் ஐந்தாம் வளைவுப் பாறையில் கேமராவோடு உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் மூன்று வளைவுகளை அக்கா எப்படித் திரும்பினாள் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு கல்லும் தெரிந்த பாதை, அதுவே திருப்பியிருக்கும். நாலாவதில் வேகம் அவள் கையை மீறியது. தொப்பி பறந்தது. ஐந்தாவது தெரிந்ததும் அவள் பயப்படவில்லை. வெளி ஓரத்தில் மெத்தை இருக்கிறது, அதில் போய்ப் புதைந்துவிடலாம் என்று பழக்க நினைப்பில் நேராக அதை நோக்கியே வண்டியை விட்டாள்.

ஓரம் சுத்தமாக இருந்தது. அவளே சுத்தம் செய்தது.

"அக்கா, பிரேக்கு! பிரேக்கைப் பிடிங்க!" என்று கத்தியது கண்ணாடிதான்.

பத்தடிக்குக் கீழே இருந்த முட்புதர் அவளைப் பிடித்தது. காறை எலும்பு இரண்டாக முறிந்தது. கன்னத்தில் முள் வரி வரியாகக் கோடு போட்டது. பரிசோதகர் மூச்சிரைக்க ஏறி வந்து, எட்டிப் பார்த்து, ஆள் பேசுகிறாள் என்று தெரிந்ததும் அட்டையை முடித்தார். பாதை: மிக நன்று. ஊழியர்: தகுதி இல்லை.

அந்த வீடியோவை ஊரே பார்த்தது. பிரேக் என்று கத்திய குரலை மட்டும் வெட்டிவிட்டுப் பாட்டுப் போட்டிருந்தார்கள். கணவர் முதல் தடவை பார்த்துச் சிரித்துவிட்டார். அக்கா கட்டுப் போட்ட தோளோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இரண்டாம் தடவை சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தார்.

புது ஆள் வந்தான். சைக்கிளிலேயே இருபது நிமிடத்தில் பாதை முழுவதையும் பார்த்துவிடுவான், ஓரத்தில் ஒரு கல் இருக்காது என்று மகள் வீட்டில் வந்து சொன்னாள். கையில் இருந்த தட்டை அக்கா அப்படியே கீழே வைத்தாள்.

விழுந்த ஏழாவது வாரம் அவள் காப்பகத்து வாசலில் வரிசையில் நின்றாள். வாரியை மகள் ஜன்னலிலேயே நிறுத்திவிட்டாள். "வெளியாள் கருவி எடுத்துட்டுப் போகக் கூடாதும்மா. எனக்குச் சிக்கல் வரும்."

"அப்ப காலு? காலை எடுத்துட்டுப் போலாமா?"

மகள் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

தினமும் போனாள். ஐந்தாம் வளைவில் குதிகாலால் சரளையைத் தள்ளினாள். ஒரு கை மடக்கிக் கட்டியிருக்க, பக்கவாட்டில் இழுத்து இழுத்து நடந்தாள். "டான்ஸ் கிளாஸா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே ஆட்கள் கடந்தார்கள். அவள் அன்று தள்ளுவதில் முக்கால்வாசியைப் புது ஆள் மறுநாள் காலையில் வாரிவிடுவான். விட்டுவைத்ததன் மேல் அவள் திரும்பத் தள்ளுவாள். பன்னிரண்டு நாளில் அரை மெத்தை சேர்ந்தது. மற்ற எட்டு வளைவுக்கு அவளிடம் கால் இல்லை.

பதின்மூன்றாம் நாள் கண்ணாடி தனியாக வந்தான். பாதையில் ஈரம் இருந்தது. பிரேக் பிடித்தான், நீளமாகக் கோடு விழுந்தது, சக்கரம் வெளி ஓரத்துக்குப் போய்ப் புதைந்தது. விளிம்புக்கு ஒரு முழம் முன்னால் குப்புற விழுந்தான். கண்ணாடி உடைந்து கண் தெரிந்தது. சின்னக் கண். எட்டிக் கீழே பார்த்தான். முட்புதரைப் பார்த்தான். பாறையில் உட்கார்ந்திருந்த அக்காவையும் பார்த்தான்.

"எந்திரிடா. முட்டியை மடக்கிப் பாரு."

மடக்கினான். எழுந்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே போனான். அக்கா பின்னாலேயே ஏறினாள். ஒருவேளை மெத்தை எதற்கென்று அவனுக்குப் புரிந்துவிட்டதோ என்று அவளுக்குள் ஒரு நினைப்பு துள்ளியது.

சீட்டு ஜன்னலில் அவன் புகார்ப் புத்தகத்தைக் கேட்டு நின்றான். "அஞ்சாம் வளைவுல யாரோ தினம் குப்பையைக் குவிச்சு வைக்கிறாங்க. எனக்கு அடிபட்டுச்சு. எழுதிக்கோங்க."

மகளின் பேனா நின்றது. அவன் தோளுக்குப் பின்னால் அம்மா நிற்பதைப் பார்த்தாள். எழுதாவிட்டால் ஜன்னல் போகும். எழுதினால் நாளையிலிருந்து அம்மாவை உள்ளே விட முடியாது. அக்கா ஒரு கணம் மகளையே பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு வந்து, நல்ல கையை விளிம்பில் ஊன்றிக்கொண்டாள்.

"எழுதும்மா, பரவால்ல" என்றாள். "குப்பைன்னு மட்டும் எழுதாதே. சரளைன்னு எழுது."