பைக்குள் அடித்த போன்

பள்ளியில் ஒன்றாகப் படித்த நாங்கள் சில வருடங்களுக்கு முன் தென்காசியில் மறுபடி கூடினோம். அன்றிலிருந்து வாட்ஸ்அப்பில் தினமும் பேச்சுதான். போன சீசனில் நானும் மும்தாஜும் இன்னும் இரண்டு தோழிகளும் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம்.

திடீரென்று தண்ணீர் செம்மண் நிறத்தில் கொட்டியது. போலீஸ் விசில் ஊத, எல்லோரும் அலறிக்கொண்டு ஓடினோம். வெளியே வந்து பார்த்தால் மும்தாஜைக் காணவில்லை. பதற்றத்தில் அவளுக்குப் போன் போட்டேன். என் தோளில் கிடந்த பைக்குள்ளேயே அது அடித்தது. குளிக்கும் முன் அவள்தான், கரையில் பைகளைப் பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம் கொடுத்திருந்தாள். ஓடிப்போய் அங்கே நின்ற பெண் போலீஸிடம் சொன்னேன்.

"அவங்க வீட்டு நம்பரைச் சொல்லுங்கம்மா" என்றார் அவர்.

ஒருவருக்கும் தெரியவில்லை; அவள் போனும் லாக் ஆகியிருந்தது. கணவர் துபாயில் இருக்கிறார் என்பது மட்டும் தெரியும். எந்தத் தெரு, பிள்ளைகள் பெயர் என்ன, எதுவும் தெரியாது. அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

கடைசியில் ஒரு கடையோரம் ஈரத்துணியோடு நடுங்கிக்கொண்டு நின்றாள். கூட்டம் அவளை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போயிருந்தது.

"ஏட்டி, ஒன்னயக் காணாம உசிரே போயிட்டு!" என்று கட்டிக்கொண்டு அழுதேன்.

"நானும் ஒங்களத்தாம்ட்டி தேடுதேன்" என்றாள்.

அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். கதவைத் திறந்த மகள், "யாரும்மா இவங்க?" என்று கேட்டாள்.

இப்போதெல்லாம் நாங்கள் ஒவ்வொரு மாதமும் ஒருத்தி வீட்டில்தான் கூடுகிறோம். வீட்டாரின் நம்பர்களும் எங்கள் போனில் இருக்கின்றன. மும்தாஜின் மகள் என்னைச் சின்னம்மா முறை வைத்துச் சாச்சி என்று கூப்பிடுகிறாள்.