புனிதா ஏறாத பஸ்

டயாலிசிஸ் டெக்னீசியனாக நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சிதம்பரத்தில் இருந்த அந்த யூனிட்டின் சீனியர் என்னை வாசலில் கிடந்த எடை மெஷின் முன்னால் நிறுத்தினார். "பேஷண்ட் என்ன வேணா சொல்லுவாங்க. நீ இத மட்டும் நம்பு" என்றார். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்குக் குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். போன முறையைவிட எத்தனை கிலோ ஏறியிருக்கிறதோ, அதெல்லாம் தண்ணீர்தான். நான்கு மணி நேரத்தில் அதை வெளியே எடுக்க வேண்டும். அளவுக்கு மீறி எடுத்தால் கை கால் இழுக்கும், பிரஷர் விழும். அதனால் வாசலிலேயே எடையைச் சத்தமாகச் சொல்லி, ஏறி வந்தவர்களை எல்லார் முன்னாலும் திட்டுவேன். நல்லதுக்குத்தானே என்று ஒரு பெருமை வேறு.

மெஷின்கள் ஓட ஆரம்பித்ததும் அந்த ஹாலே அரைத் தூக்கத்துக்குப் போய்விடும். பச்சைத் திரை வழியாகக் காலை வெயில் படுக்கைகளின் மேல் மெதுவாக நகரும். படுத்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டே பேசுவார்கள். பேச்செல்லாம் தண்ணீர்க் கனவுதான். ஒருவர் வீராணம் ஏரியையே குடித்துத் தீர்த்தாராம். இன்னொருவர் வெள்ளாற்றில் வாயைத் திறந்தபடி மிதந்தாராம். குடிகாடு என்ற ஊரில் தையல் வேலை செய்யும் புனிதாவுக்கு வேறு மாதிரிக் கனவு.

"எங்க ஊட்டுக்குள்ளயே மழ பெய்யுதுண்ணே. நான் பாட்டுக்குத் தெச்சிக்கினு இருக்கேன். குடிக்கவே தோணல. அவ்ளோ நல்லா இருந்துச்சு."

கேட்டுக்கொண்டு நிற்கும் எனக்கே கால் தரையில் படாத மாதிரி இருக்கும்.

புனிதாவுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். வாரம் மூன்று நாள், நான் கடலூரில் ஏறி வரும் பஸ்ஸில்தான் அவளும் குடிகாட்டில் ஏறுவாள். ஒரு சித்திரை மாதக் காலையில் பையோடு ஸ்டாப்பில் நின்றிருந்தாள். ஜன்னலில் என்னைப் பார்த்தாள். பார்த்ததும் நிழற்குடைக்குப் பின்னால் போய்விட்டாள். சேலைத் தலைப்பு மட்டும் தெரிந்தது. பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த பஸ்ஸில் வருவாள் என்று நானும் இருந்துவிட்டேன். அன்றைக்கு அவள் வரவே இல்லை. போனையும் எடுக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் ஆம்புலன்சில் கொண்டுவந்தார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தாள். டாக்டர் ஆக்சிஜன் வைத்தார். நான் ஊசி குத்தி மெஷினில் போட்டேன். மூன்றாவது மணி நேரத்தில் மூச்சு சீரானது.

"நேத்து ஏம்மா பஸ் ஏறல?" என்று கேட்டேன்.

"தங்கச்சி ஊட்டு விசேஷம்ண்ணே. வெயில் வேற. தாகம் தாங்காம குடிச்சிட்டேன். நாலு கிலோவாச்சும் ஏறியிருக்கும்னு தெரியும்." ஆக்சிஜன் மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டாள். "ஊசிக்கெல்லாம் எனக்குப் பயம் இல்ல. பஸ்ல ஒங்களப் பாத்ததும்தான் மறஞ்சிக்கினேன். எல்லார் எதுருலயும் திட்டுவீங்களே. அடுத்த வாட்டி கொறச்சிக்கினு வந்துர்லாம்னு நெனச்சேன்."

குறைய வழியே இல்லாத உடம்பு. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும், என் வாய்க்குப் பயந்து உயிரைப் பணயம் வைத்திருக்கிறாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுத்த வாரமே எடை மெஷினைத் திரைக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். எடையைச் சத்தமாகச் சொல்வதையும் நிறுத்தினேன். என் வாயை அடக்கத்தான் நாள் பிடித்தது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எடை ஏறியும் ஒருவர் உங்களைத் தேடி வந்திருக்கிறார் என்றால், முதலில் அவரை உட்காரச் சொல்லுங்கள்.

அந்தத் தீபாவளி முடிந்து புனிதா பஸ்ஸில் ஏறினாள். நேராக என் சீட்டுக்கு வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"பலகாரம், காபின்னு ஜாஸ்தியாப் பூடுச்சுண்ணே. மூணு கிலோவுக்கு மேலயே இருக்கும்."

"சரிம்மா. பாத்துக்கலாம். போய் ஒக்காரு" என்றேன்.

முன்னால் போய் உட்கார்ந்தவள், சிதம்பரம் வரைக்கும் நன்றாகத் தூங்கிக்கொண்டு வந்தாள்.