சத்துவாச்சாரியில் சத்தம் வராத பள்ளி

போன வெள்ளிக்கிழமை ஆம்பூரிலிருந்து சத்துவாச்சாரிக்குப் போனேன். ஊர் சுற்ற அல்ல, துப்பறிய. பழைய பள்ளியில் சந்தேகம் கேட்டதற்காக என் பேத்தி ஜெனிபரை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். அதிலிருந்து அவள் எந்த ஆசிரியரிடமும் வாய் திறப்பதில்லை. சத்துவாச்சாரியில் இருக்கும் என் மகள், ஜெனிபரின் அம்மா, அங்கே ஒரு சின்ன கிறிஸ்தவப் பள்ளியில் அவளை ஒரு வாரம் உட்கார வைத்துப் பார்த்தாள். அன்று கடைசி நாள். சேர்ப்பதா வேண்டாமா என்று மாலைக்குள் சொல்ல வேண்டும். என்னை யாரும் கேட்கவில்லை. நானாகக் கிளம்பினேன்.

வேலூர் வரை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். காலை ஏழரைக்கு பஸ் ஏறினால் ஒன்பதுக்குள் இறங்கிவிடலாம். அங்கிருந்து ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய். ஜாஸ்திதான்.

“அந்த வீட்டு ஸ்கூலா பெரியவரே? போர்டு கெடையாது, பெல் கெடையாது. புள்ளைங்க சத்தமே வராது. உள்ள இன்னாதான் பண்றாங்களோ!” என்றார் ஓட்டுநர். எனக்கு அது போதும்.

உள்ளே சுவரைப் பார்த்த மேசைகள், இருபுறமும் பலகைத் தடுப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பாடம். ஆசிரியை வர வேண்டுமானால் தடுப்பின் மேல் சிறு கொடி ஒன்றைச் செருக வேண்டும். நடு மேசையில் விடைப் புத்தகங்கள் திறந்தே கிடக்கின்றன. பிள்ளைகளே போய்த் தங்கள் விடைகளைத் திருத்திக்கொள்கிறார்கள். நானும் ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவன்தான். அதற்காக இதை நம்பிவிட முடியுமா? அந்த மேசையை வெகுநேரம் முறைத்துக்கொண்டு நின்றேன். யாரும் காப்பி அடிக்கவில்லை. நான் நின்றதால் இருக்கும்.

ஆசிரியையைக் கூப்பிட்டேன். அவர் உதட்டில் விரல் வைத்து, ஜெனிபருக்குப் பக்கத்து இருக்கையைக் காட்டினார். உட்கார்ந்தேன். எதிரே கொடி. தொடவில்லை. பள்ளிக்கூடம் போகாமல் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். யாரிடமும் கொடி காட்டிக் கேட்டதில்லை.

தடுப்பைத் தாண்டி ஜெனிபர் எட்டிப் பார்த்தாள். “கொடி வைக்காம மிஸ் வர மாட்டாங்க தாத்தா.”

“வராட்டி போகட்டும்.”

“பேஜார் பண்ணாத தாத்தா” என்று கை நீட்டி என் கொடியைச் செருகினாள்.

ஆசிரியை வந்தார். “இங்க படிச்சா பத்தாவது சர்டிபிகேட்டுக்கு இன்னா பண்றது?” என்றேன்.

“பரீட்சைய வெளியில தனியாத்தான் எழுதணும், ஐயா. கஷ்டம்தான். மறைக்க மாட்டோம்.”

நான் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் அவர் திரும்பிவிட்டார். ஜெனிபரின் தடுப்பிலும் கொடி நின்றது. ஒரே கணக்கை அவள் மூன்று முறை கேட்டாள். ஆசிரியை மூன்று முறையும் குனிந்து சொன்னார்.

இப்படிப்பட்ட பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். சான்றிதழ் பற்றி முதலில் கேளுங்கள். அந்தப் பதிலில் எனக்கு இன்னும் திருப்தி இல்லை.

வாசலுக்கு வந்ததும் மகள் போன் செய்தாள். “இன்னாப்பா சொல்ற?”

“எனக்கு நம்பிக்கை வரல. திங்கக்கெழம நானே கூட்டிட்டு வந்து விடுறேன்.”