துணி சுற்றிய மணி

கொட்டாரத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. வயல்காற்றில் டீ சீக்கிரம் ஆறுகிறது. பக்கத்தில் சேவியர். வளைகுடாவில் எண்ணெய் ஆலையில் வேலை பார்த்த காலத்தில் இருவரும் ஒரே அறை. கருங்கல் போகும் வழியில் அவரைப் பார்க்க இறங்கியிருக்கிறேன்.

அவர் வைக்கும் மீன் குழம்பு, வெள்ளிக்கிழமைச் சீட்டாட்டம் என்று சுற்றிய பேச்சு கடைசியில் அந்த வெடிவிபத்தில் வந்து நிற்கிறது. எங்கள் அறைத் தோழன் தாசனைக் கொண்டுபோன விபத்து. வாயு கசிந்தால் அடிக்கும் மணி சும்மா சும்மா அடிக்கிறது என்று ஃபோர்மேன் அதில் துணியைச் சுற்றி வைத்திருந்தார்.

சேவியர் ஆறிப்போன டீயைக் குடித்து முடிக்கிறார்.

"கருங்கல்ல என்ன சோலி?" என்கிறார் சேவியர்.

ஓய்வுப் பணம் முழுவதையும் அங்கே ஒரு நிதி நிறுவனத்தில் போடப் போவதைச் சொல்கிறேன். வங்கியைவிட இரண்டு மடங்கு வட்டி. முதலில் கொஞ்சம் போட்டுப் பார்த்தேன். போன மாதம்தான் வட்டி தாமதமாக வந்தது. ஏனென்று கேட்டதும் வீட்டுக்கே ஒரு பெட்டி லட்டு அனுப்பிவிட்டார்கள்.

"லட்டு நல்லா இருந்துதா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"மணி அடிச்சிருக்கு மக்கா. அவனுவ துணியையும் சுத்திட்டானுவ."

கருங்கல் போக நான் ஏற வேண்டிய நாகர்கோவில் பஸ் வந்து நிற்கிறது. கண்டக்டர் என்னைப் பார்க்கிறார். நான் கடைக்காரரிடம் இன்னொரு டீ சொல்கிறேன், தாசன் குடிப்பதுபோல, சர்க்கரை இல்லாமல்.