வீட்டுப் பெயர்

கொல்கத்தா அடுக்குமாடியின் நாலாவது தளத்துக்குத் தோதாக, குரைத்து ஊரைக் கூட்டாத கிழட்டு நாயாகப் பார்த்துத்தான் காப்பகத்திலிருந்து கூட்டிவந்தார் நிருபம் சர்க்கேல். வெளியே எல்லோருக்கும் அவர் சர்க்கேல் பாபு. சின்ன வயதில் வீட்டில் செல்லமாக வைத்த வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அக்கா ஒருத்திதான் மிச்சமிருந்தாள். போன மழைக்காலத்தில் அவளும் போய்ச்சேர்ந்தாள். அதன்பிறகு அந்த வீட்டில் வாய் திறந்தது குக்கர் மட்டும்தான்.

நாய்க்கு மீனும் சோறும் குழைய வேகவைத்துப் போட்டார். தன் மூட்டுவலியோடு படியிறங்கி அதை நடக்கக் கூட்டிப்போனார்.

படியில் எதிர்ப்பட்ட கீழ்வீட்டு ஷெபாலி கேட்டாள்: "சோறு போட்டா ஆச்சாண்ணா? இதுக்கு வீட்டுப் பேரு வெச்சீங்களா?"

"ஹாபுல்," என்றார், கூச்சத்தோடு.

"நல்ல அசட்டுப் பேரு!" சிரித்துக்கொண்டே பிஸ்கட்டை நீட்டினாள். "டேய் ஹாபுல், இங்க வாடா!"

நாய் அசையவில்லை. இரண்டு படி கீழே போயிருந்த சர்க்கேல் பாபுதான், "இதோ வந்துட்டேன்க்கா" என்று திரும்பினார்.