வேகமாய் வளர்ந்த குடுவை

7,906. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான பாப்பிலோமா வைரஸின் பதினாறாம் வகை தன் பிழைப்புக்கு வைத்திருக்கும் மரபெழுத்துகள் மொத்தமே அவ்வளவுதான். நாளிதழின் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அந்தப் பக்கத்தைச் சுமக்கும் செல்களுக்கு வேளாவேளைக்குத் தீனி போடுவதுதான் சக்கரக்காவின் வேலை.

ஆய்வுக்கூடத்தில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. காலில் சக்கரம் கட்டியிருக்கிறார் என்று யாரோ சொல்லப்போக, அதுவே பெயராகிவிட்டது. இன்குபேட்டரைத் திறப்பார், குடுவையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார், மூடுவார். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வந்து மறுபடி திறப்பார்.

"அக்கா, அதுங்களுக்குக் குளிரப்போகுது. கதவை விடுங்களேன்" என்று ஆராய்ச்சி மாணவி கெஞ்சுவாள்.

"உன் ஆய்வேடு வளர்றதைவிட இதுங்க வேகமா வளருது. அந்தப் பொறாமை உனக்கு."

அந்த ஆய்வேடு முழுவதும் ஈ-2 என்ற ஒரே புரதத்தைப் பற்றியது. அந்த நோயின் தொடக்கத்தில் ஒரு பெண்ணிடமிருந்து எடுத்த இந்தச் செல்களுக்குள் வைரஸின் மரபுப்பொருள் சின்னஞ்சிறு வளையமாக, நம் குரோமோசோம்களோடு கலக்காமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. அந்த வீட்டுக்கு ஈ-2தான் பெரிய மனுஷி. செல்லை முடுக்கிவிடும் ஈ-6, ஈ-7 என்ற இரண்டு புரதங்கள் அளவுமீறி உருவாகாமல் அடக்கிவைப்பது அது. ஈ-1 என்ற இன்னொரு புரதத்தைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வளையத்தைப் பிரதியெடுக்க வைப்பதும் அதுதான்.

சக்கரக்காவின் கணவர் பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்க்கும் மெக்கானிக். ஒருநாள் சாப்பிடும்போது இதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"பிரேக்கே இன்ஜினையும் ஸ்டார்ட் பண்ணுமா? யாரு செஞ்ச வண்டி இது?"

"உள்ள இருக்கிறதே நாலு சாமான். ஆளுக்கு ரெண்டு வேலை பார்த்தாத்தான் ஓடும். நம்ம வீடு மாதிரி."

"நம்ம வீட்ல எல்லா வேலையும் நீதானே பாக்கறே."

"தெரிஞ்சா சரி. தட்டைக் கழுவி வைங்க."

சிக்கல் மாணவியின் கடைசி வருடத்தில் வந்தது. ஈ-2வை முடக்கினால் ஈ-6, ஈ-7 எகிற வேண்டும். அவளுடைய சோதனையில் முடக்குவதற்கு முன்பே அவை எகிறிக் கிடந்தன. திரும்பச் செய்தாள். அதே கதை. சோதனை ரசாயனங்களைப் புதிதாக வாங்கிச் செய்தாள். மாறவில்லை. ஆய்வேட்டைக் கொடுக்கக் கெடு நெருங்கியது. மாணவி சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தாள். சக்கரக்கா முன்னைவிட அதிகமாக இன்குபேட்டரைத் திறந்து மூடினார்.

ஆய்வுக்கூடத் தலைவி, எல்லோருக்கும் மேடம், செல்களில் ஈ-2 மரபணு இருக்கிறதா என்றே பார்க்கச் சொன்னார். ஈ-6, ஈ-7 மரபணுக்கள் இருந்தன. ஈ-2 மட்டும் முழுசாக இல்லை. மேடம் நேராகச் செல் வளர்ப்பு அறைக்கு, சக்கரக்காவிடம் வந்தார்.

"ஒவ்வொரு தடவையும் செல்லைப் பிரிச்சுப் புதுக் குடுவைக்கு மாத்தறப்போ எதிலேர்ந்து எடுப்பே?"

"நல்லா வளர்ந்து நிக்கிறதுலேர்ந்துதான் மேடம். சவலையா கிடக்கிறதைத் தூக்கிப் போட்டுடுவேன்."

மேடம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"எப்பவுமா?"

"எப்பவும்."

எப்போதோ ஒரு செல்லில் வளையம் அறுந்து மனிதக் குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அறுந்த இடம் ஈ-2வின் நடுவே. அடக்க ஆளில்லாத ஈ-6, ஈ-7 செல்லை விரட்டியிருக்கின்றன. அந்தச் செல் மற்றவற்றை முந்தியது. முந்தியதைப் பார்த்துப் பூரித்து, சக்கரக்கா அதையே எடுத்து எடுத்து வளர்த்தார். வளையத்தோடு மெதுவாக நடந்தவை குப்பைக்குப் போயின. புற்றுநோய்க்குப் போகும் பாதையில் உடம்புக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. அங்கே தேர்ந்தெடுக்க ஒரு கை தேவையில்லை.

"மெதுவா வளர்றதுதான் நமக்கு வேணும். அது உனக்குத் தெரியாது, சொல்லியிருக்க வேண்டியது நான்" என்றார் மேடம்.

சக்கரக்கா மாணவியின் முகத்தைப் பார்க்க முடியாமல், ஏற்கெனவே துடைத்த மேசையைத் துடைத்தார்.

திரவ நைட்ரஜன் தொட்டியின் அடியில், அவர் வேலைக்குச் சேருமுன் உறையவைத்த அதே செல்களில் ஒரே ஒரு குப்பி மிச்சமிருந்தது. அதுவும் போனால் மாணவியின் ஆய்வேடும் போச்சு. வெதுவெதுப்பான நீரில் சக்கரக்கா அதை உருக்கினார். பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. பிழைத்தவை ஆடாமல் அசையாமல் கிடந்தன.

"செத்துப்போச்சாடி?"

"இல்லக்கா. அதுங்க நடையே அப்படித்தான். நீங்க கொஞ்சம் வெளியே போங்களேன், எனக்கே படபடங்குது."

வெளியே போனார். தாழ்வாரத்தின் கோடிக்கும் கோடிக்கும் நடந்தார். கணவருக்குப் போன் போட்டார்.

"சும்மா இருன்னு சொல்றாங்க. எப்படிங்க சும்மா இருக்கிறது?"

"என்னைக் கேட்டா? உனக்குப் பிரேக் போடற வித்தை இன்னும் எனக்கு வரலியே."

சக்கரக்கா சிரித்தார். ஆனாலும் நடையை நிறுத்தவில்லை. மெல்ல மெல்லச் செல்கள் தரை பிடித்தன, தீவு தீவாகப் படர்ந்தன. கொஞ்சம் எடுத்துச் சோதித்தபோது ஈ-2 முழுசாக இருந்தது, வளையம் அறுபடவில்லை. மாணவி முதல் வேலையாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். பல்கலைக்கழகம் அவளுக்கு ஆறு மாதம் கூடுதல் அவகாசம் கொடுத்திருக்கிறது.

வரும் வியாழக்கிழமை செல்களைப் பிரிக்க வேண்டும். எந்தக் குடுவையிலிருந்து எடுப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி மாணவி சொல்வாள். சக்கரக்கா எடுப்பார்.